ஃபியூஸ் போனது யாரால்?

உங்களிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். நேற்று ராத்திரி வரை ஒழுங்காக இருந்த ஹார்ன் இன்று காலையில் அடிக்காது. அழுத்திப் பார்ப்பீர்கள். இன்னும் பலமாக அழுத்திப் பார்ப்பீர்கள், ஏதோ நம் கோபத்துக்குப் பயந்து அது அடித்துவிடும் என்பதுபோல. பிறகு 'ஹார்ன் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் புது ஹார்ன் வாங்கி மாட்டுவீர்கள். அதுவும் அடிக்காது.

ஏனென்றால், பழைய ஹார்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சுக்குள் பச்சை பூத்திருக்கும். அல்லது எங்கோ ஒரு இணைப்பு கழன்றிருக்கும். ஆனால் சத்தம் வரவேண்டிய இடம் ஹார்ன் அல்லவா? சத்தம் வரவில்லை, ஆகவே குற்றவாளி ஹார்ன். எவ்வளவு சுலபமான நீதி!

இதை வண்டியில் செய்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். மனிதர்களிடம் செய்தால்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும். நான் செய்திருக்கிறேன்.

என்னிடம் 1992ல் செய்த புல்லட் ஒன்று இருந்தது. புல்லட் நம் ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டியை, 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து இங்கே கொண்டுவந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் 1970ஓடு தயாரிப்பே நின்றுபோனது. சென்னையில் மட்டும் அதே பழைய வடிவம், பெரிய மாற்றம் இல்லாமல், பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தது. பெற்ற வீட்டில் இல்லாத ஆயுசு புகுந்த வீட்டில்.

அந்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு பேட்டரி. அதை சார்ஜ் செய்ய ஒரு ஆல்டர்னேட்டர். அது தரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்க ஒரு ரெக்டிஃபயர். ப்ளக்கில் பொறி வருவதற்கு காயில், பாயிண்ட், கண்டன்சர். அவ்வளவுதான். இவற்றை இணைக்கும் வயர்களை, பொறுமை உள்ள யாரும் ஒரு தாளில் வரைந்துவிடலாம்.

ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆம்மீட்டர் இருக்கும். நடுவில் பூஜ்யம். முள் வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்கு வரவு, இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெள்ள மிதித்தால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் கொஞ்சம் சரியும், திறக்கும்போது நடுவுக்கு வரும். வீட்டுக் கணக்கு நோட்டைத் திறந்து காட்டும் மனைவி மாதிரி, வண்டி ஒன்றையும் ஒளிக்காமல் கணக்குக் காட்டும். பார்ப்பதற்கு நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

இந்த மாதிரி வண்டிகளோடு பழகினால் சீக்கிரமே ஒன்று புரியும். கோளாறு தெரிகிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு.

ஒரு உதாரணம். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. பல்பை மாற்றுகிறீர்கள், மங்கல்தான். பேட்டரியை மாற்றுகிறீர்கள், அப்போதும் மங்கல்தான். விஷயம் இதுதான். 12 வோல்ட், 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் மின்தடை சுமார் 4 ஓம். ஹெட்லைட்டின் எர்த் வயர் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில், திருகுக்கு அடியில், துரு பிடித்து ஒரே ஒரு ஓம் மின்தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்புக்குக் கிடைப்பது சுமார் ஒன்பதரை வோல்ட்தான். மீதியைத் துரு சாப்பிட்டுவிடும். வோல்ட்டேஜ் குறைவதைவிட வெளிச்சம் வேகமாகக் குறையும். ஆகவே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். நகக்கண் அளவு துரு! உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் தீர்கிற காரியம். அதற்குள் இரண்டு பல்பும் ஒரு பேட்டரியும் குற்றவாளிகளாகத் தண்டனை அனுபவித்து, காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத பழைய ஸ்கூட்டர்களை வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். அவற்றில் பலவற்றுக்கு ரெகுலேட்டரும் கிடையாது. இன்ஜின் சுற்றும்போது வருகிற மின்சாரம் நேராக பல்புகளுக்குப் போகும். ஹெட்லைட்டும் பின்விளக்கும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்லைட் பல்பு போய்விட்டால் அதன் பங்கும் சேர்ந்து பின்விளக்கின் தலையில் விழும். வோல்ட்டேஜ் ஏறி, கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். மறுநாள் பார்க்கிறவர் சொல்வார், "பின்னாடி பல்பு மட்டமான சரக்கு சார்."

ஐந்து பேர் பார்த்த வேலையை மூன்று பேர் பார்க்கிற அலுவலகத்தில், நாலாவது மாதம் ஒருவர் படுத்துவிட்டால் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள், யோசித்துப் பாருங்கள். 'அவர் கொஞ்சம் வீக்' என்பார்கள். பின்விளக்கு!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2008 ஜூனில் குடும்பத்தோடு ஏற்காடு போவதாகத் திட்டம். நான் மட்டும் புல்லட்டில். மலையில் பனி இருக்குமே என்று முன்னால் ஒரு மஞ்சள் ஃபாக் லைட் வாங்கி நானே மாட்டினேன். கையில் டிரில், வாயில் திருகு, மனசில் பெருமை. ஃபியூஸிலிருந்து ஒரு வயரை இழுத்து, டாங்குக்கு அடியில் கொண்டுவந்து, ஹேண்டில் பாரில் ஒரு சுவிட்ச் வைத்தேன். வயர் தொங்கக்கூடாது என்று வண்டியின் கழுத்துப் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினேன். பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது. போய்வந்தோம். எல்லோரும் பாராட்டினார்கள்.

அக்டோபரில் ஒருநாள் ஃபியூஸ் போனது. புதிது போட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனது. வழக்கமாகப் போகும் பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். அங்கே புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். இருபது வயசு இருக்கலாம். பேட்டரி முனைகளில் பூத்திருந்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் போட்டு, புது ஃபியூஸ் மாட்டிக் கொடுத்தான். வண்டியை எடுக்கும்போது கேட்டான்.

"சார், ஹேண்டில திருப்பும்போது எதுனா ஆவுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

"ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க சார், பார்க்கறேன்."

எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பின்னால் என் மனைவி. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இடப்பக்கம் ஒரு குறுகலான தெருவுக்குள் திரும்புகிறேன். பாதித் திருப்பத்தில் வண்டி சட்டென்று செத்துப்போனது. ஹெட்லைட் இல்லை, பின்விளக்கு இல்லை, இன்ஜின் இல்லை. பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி. டிரைவர் பிரேக் அடித்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. இரண்டு முழ இடைவெளி. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இறங்கி ஓரமாக நின்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பட்டறைக்குப் போனேன். பயம் ஒரு ராத்திரி ஊறினால் கோபமாகிவிடும். நாலைந்து பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். வேலை தெரியாத பசங்களை வைத்துக்கொண்டு ஆள் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று கேட்டேன்.

பையன் மெதுவாகச் சொன்னான்: "நான் பேட்டரி டெர்மினல் மட்டும்தான் சார் தொட்டேன். வயரிங்ல கையே வைக்கல."

"பொய் சொல்லாதே" என்றேன்.

கடைக்காரர் அவனை என் முன்னாலேயே திட்டினார். பிறகு அவரே ஒரு ஃபியூஸை மாட்டினார். "கொஞ்சம் பெருசா போட்டிருக்கேன் சார், இனிமே போவாது" என்றார். நான் திருப்தியோடு கிளம்பினேன்.

என் மனசு ஏறிய படிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 'ஃபியூஸ் போய்விட்டது' என்பது முதல் படி. இது உண்மை. 'பையன் தப்புப் பண்ணிவிட்டான்' என்பது இரண்டாவது. இது ஊகம். 'பொய் சொல்கிறான்' என்பது மூன்றாவது. இது அவன் குணத்தின் மேல் போட்ட பழி. வீட்டுக்குப் போகும் வழியில் நாலாவதும் வந்துவிட்டது: 'இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்.' ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் மெல்லிய கம்பி உருகியதிலிருந்து ஒரு தலைமுறையின் ஒழுக்கம்வரை போய்விட்டேன். நடுவில் ஒரே ஒரு சோதனைகூடச் செய்யவில்லை.

என்னிடம் இருந்த சாட்சியம் என்ன? அவன் தொட்டான், மூன்று நாளில் வண்டி நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிகள் சொல்லிச் சொல்லி வளர்த்தும் நமக்கு உறைக்கவில்லை. மருமகள் வந்த நேரம் மாமனாருக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்றால், அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். கடன் எப்போது ஆரம்பித்தது என்று யாரும் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. புதிதாக வந்தவர் மேல் பழி போடுவது வசதி. அவருக்காகப் பேச அந்த இடத்தில் ஆள் இருக்காது.

மின்சாரம் எதிர்ப்பு குறைவான வழியில்தான் அதிகமாகப் பாயும். நம் கோபமும் அப்படித்தான். அன்றைக்கு அந்தப் பட்டறையில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தது அவனிடம்தான். கடைக்காரரைத் திட்டியிருந்தால் அவர் திருப்பித் திட்டியிருப்பார்.

பெரிய ஃபியூஸ் ஒரு வாரம் வேலை செய்தது. அதாவது, போகவில்லை. எட்டாம் நாள் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது டாங்குக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் வாசனை. அப்புறம் மெல்லிய புகை. அலறிக்கொண்டு ஃபியூஸைப் பிடுங்கினேன். டாங்கு நிறைய பெட்ரோல். இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும், அல்லது எழுதப்பட்டே இருக்காது.

ஃபியூஸ் என்பது என்ன? ஒரு வயரில் தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் பாய்ந்தால், வயர் சூடாகித் தீப்பிடிப்பதற்கு முன்னால், தான் உருகி வழியை அடைத்துவிடுகிற ஒரு சின்னக் கம்பி. அது உருகுவதுதான் அதன் வேலை. அது அடிக்கடி உருகினால், 'எங்கோ தப்பு நடக்கிறது, பார்' என்று அர்த்தம். நாம் என்ன செய்கிறோம்? பெரிய ஃபியூஸ் போடுகிறோம். சிலர் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுருட்டி வைக்கிறார்கள். தொந்தரவு நின்றுவிடுகிறது. தப்பு நிற்பதில்லை.

அந்தப் பையனும் ஒரு ஃபியூஸ்தான் என்று பிறகு தோன்றியது. ஏதோ சரியில்லை, வண்டியை விட்டுவிட்டுப் போ என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவனைத்தான் பிடுங்கி எறிந்தேன்.

அன்று ராத்திரி மாடிக் குடியிருப்பின் கீழே உட்கார்ந்தேன். தெருவில் நடமாட்டம் அடங்கிவிட்டிருந்தது. ஒரு 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு வயர். மெக்கானிக்குகள் டெஸ்ட் லாம்ப் என்பார்கள். இதை வைத்துச் சோதிக்கும் முறையில் முதல் விதி ஒன்று உண்டு. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், அந்த பல்பை நேராகப் பேட்டரியில் தொட்டு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால், சோதிக்கிற விளக்கே கெட்டுப்போயிருந்தால், நல்ல வயரில் வைத்தாலும் எரியாது. நீங்கள் வண்டியின் எல்லா வயரையும் செத்துப்போனதாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

பல்பைத் தொட்டுப் பார்த்தேன், எரிந்தது. பிறகு ஃபியூஸ் இருந்த இடத்தில், ஃபியூஸுக்குப் பதிலாக அந்த பல்பை இணைத்தேன். பழைய தந்திரம் இது. எங்காவது ஷார்ட் இருந்தால் மின்சாரம் முழுக்க இந்த பல்பு வழியாகத்தான் போக வேண்டும். வயர் கருகாது, பல்பு எரியும். ஷார்ட் இல்லை, சாவியும் போடவில்லை என்றால் எரியாது.

எரியவில்லை. வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தேன். எரியவில்லை. சீட்டைத் தூக்கினேன், பின்பக்கம் ஆட்டினேன். இல்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. அப்போதுதான் அவன் கேட்டது ஞாபகம் வந்தது. ஹேண்டிலைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

வலப்பக்கம் திருப்பினேன், அணைந்தது. மறுபடி இடப்பக்கம், எரிந்தது. ஏழெட்டுத் தடவை திருப்பியிருப்பேன். நம்ப முடியாமல் இல்லை, நம்ப விருப்பமில்லாமல்.

டாங்கைக் கழற்றினேன். வண்டியின் கழுத்தில், நான் ஆசையாக இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டை. அது பிடித்து நிறுத்தியிருந்ததால் வயர் நகர முடியவில்லை. ஒவ்வொரு தடவை ஹேண்டில் திரும்பும்போதும் இரும்பின் விளிம்பில் உரசி உரசி, நாலு மாதத்தில் மேல்தோல் போய், உள்ளே தாமிரம் தெரிந்தது. என் வயர். என் முடிச்சு. ஆம்மீட்டர் ஏன் காட்டவில்லை என்கிறீர்களா? நான் ஃபியூஸிலிருந்து நேராக இழுத்ததால் அந்த மின்சாரம் ஆம்மீட்டர் வழியாகப் போகவே இல்லை. கணக்குக் காட்டுகிற முள்ளுக்கே தெரியாமல் நடந்த செலவு.

பையன் செய்த ஒரே காரியம், பேட்டரியை நன்றாக சார்ஜ் செய்து கொடுத்தது.

சிலப்பதிகாரக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அதை முதல் தடவையாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். பாண்டியனிடம் கோவலனைப் பற்றிக் குற்றம் சொன்னவன் யார்? உண்மையில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். குற்றம் சாட்டியவனே குற்றவாளி. கண்ணகி வந்து தன் சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அது ஒரு சோதனை. ஒரு நிமிஷத்தில் முடிகிற சோதனை. கோவலன் உயிரோடு இருக்கும்போதும் அதே சோதனையைச் செய்திருக்கலாம். சிலம்பு கையில்தான் இருந்தது, அரசியும் அரண்மனையில்தான் இருந்தாள். செய்யத் தெரியாமல் இல்லை, செய்யத் தோன்றவில்லை.

பொற்கொல்லனுக்குத் தான் திருடன் என்று தெரியும். எனக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் நடந்த தப்புதானே?

இந்த இடத்தில் நீங்கள் நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். 'எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காரணம், அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் என்று போய்க்கொண்டே இருந்தால், யாருமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடாதா? துருவின் மேல் கேஸ் போட முடியுமா?'

முடியாது. வண்டியில் காரணம் மட்டும்தான் உண்டு, குற்றம் கிடையாது. மனிதர்களிடம் இரண்டும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியருக்குச் சொல்லும் வரிசையைப் பாருங்கள்: முதலில் நோய், அடுத்து நோயின் காரணம், அதற்கப்புறம்தான் அதைத் தணிக்கும் வழி. காரணத்தைத் தேடிக்கொண்டே போனால் சில சமயம் அது ஒரு மனிதரிடம் போய் நிற்கும். அப்போது அவரைக் கேட்கத்தான் வேண்டும். தேடாமலே ஒருவரைப் பிடித்து நிறுத்துவதுதான் அநியாயம். தேடுகிறவர் ஒன்றுக்குத் தயாராகவும் இருக்க வேண்டும். அந்த வயர் சுற்றிச் சுற்றி அவர் கைக்கே வந்து சேரலாம்.

என் விஷயத்தில் குற்றம் எது என்று பல நாள் யோசித்தேன். டையை இறுக்கியது தவறு, ஆனால் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அது உரசும் என்று எனக்குத் தெரியாது. பையனைப் பொய்யன் என்றேனே, அதுதான் குற்றம். ஏனென்றால், வண்டி எதனால் நின்றது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி தீர்ப்புச் சொன்னேன். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற சமாதானம் டைக்குச் செல்லும், அந்த வார்த்தைக்குச் செல்லாது.

'எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருக்க யாருக்கு சார் நேரம்?' என்பீர்கள். வாஸ்தவம். நடுரோட்டில் நிற்கும்போது எதையாவது மாற்றி வண்டியைக் கிளப்பத்தான் வேண்டும். மாற்றுங்கள். பல்பை மாற்றுங்கள், ஃபியூஸை மாற்றுங்கள், அவசரத்துக்கு மெக்கானிக்கைக்கூட மாற்றுங்கள். தீர்ப்பை மட்டும் ஒத்திவையுங்கள். அதற்கு நேரம் தேவையில்லை. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

சோதிக்கும் விளக்கை முதலில் சோதிப்பது என்ற அந்த விதியையும் மனிதர்களிடம் பயன்படுத்தலாம். அன்று காலை பட்டறையில் நான்தான் சோதிக்கும் விளக்கு. பயந்து, தூக்கமில்லாமல், மனைவியின் நடுங்கும் கையைப் பார்த்துவிட்டு வந்திருந்தவன். அந்த நிலைமையில் நான் எந்த வயரைத் தொட்டாலும் கெட்டது என்றுதான் காட்டியிருப்பேன். வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று, 'நான் சரியாக எரிகிறேனா?' என்று பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். பையன் இல்லை.

"அவனா சார்? அன்னிக்கு சாயங்காலமே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். உங்க மாதிரி ரெகுலர் கஸ்டமர் முக்கியமா, அவன் முக்கியமா?" என்றார் கடைக்காரர். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். அங்கே அன்றைக்கும் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். குறைந்தபட்சம் அதையாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் அல்லவா? கடைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "விடுங்க சார், இதெல்லாம் சகஜம்" என்றார். நான் விடாமல் கேட்டதும் செல்போனில் தேடி அவனைக் கூப்பிட்டு, என்னிடம் கொடுத்தார்.

பின்னணியில் ஏதோ இரைச்சல். தண்ணீர் கேன் போடும் வண்டியில் வேலை பார்க்கிறானாம். என்னை யார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. தப்பு என்னுடையதுதான் தம்பி, நான் மாட்டின ஃபாக் லைட் வயர்தான் ஷார்ட் ஆகியிருக்கு, உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் தடுமாறிக்கொண்டே சொல்லி முடித்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். போனை வைத்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன்.

"ஹேண்டில லெஃப்ட்ல திருப்பும்போதா சார்?" என்றான்.

"ஆமாம்ப்பா. லெஃப்ட்ல."

"நெனைச்சேன் சார். கழுத்துக்கிட்ட தானே?"

"ஆமாம்."

அவன் குரலில் ஏதோ இறுக்கம் தளர்ந்த மாதிரி இருந்தது. வேலையை விட்டுப் போனபிறகும் அந்த ஃபியூஸ் ஏன் போனது என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். என் மன்னிப்பைவிட அந்த விடைதான் அவனுக்கு வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒருவனைத்தான் வேலை தெரியாதவன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

திரும்ப வந்துவிடேன், கடைக்காரரிடம் நான் பேசுகிறேன் என்றேன். "இல்ல சார், இங்க பரவால்ல. வீட்டாண்டயே இருக்கு" என்றான். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டதற்கும் சிரித்தான். போனை வைப்பதற்கு முன்னால் அவனே கேட்டான்.

"இப்ப அந்த வயர என்னா சார் பண்ணீங்க?"

"டேப் சுத்தி வச்சிருக்கேன்."

"டேப் மட்டும் சுத்தாதீங்க சார். அந்த டைய வெட்டிட்டு, வயர் போற வழியையே மாத்திடுங்க. இல்லன்னா அதே எடத்துல திரும்ப உரசும்."